கிராஸ்மேட்ச், டிஎஸ்ஏ, பிஆர்ஏ: கிட்னி மாற்றும் முன்பே உடம்பில் இருக்கும் ஆன்டிபாடிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு திசுப் பொருத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கிட்னி கொடுப்பவர் ரத்தத்தையும் வாங்குபவர் ரத்தத்தையும் வைத்து, இது ஒத்துப்போகுமா என்று பார்க்கிற இடம். டாக்டரிடம் கேட்கத் தயங்கியதை எல்லாம் ரிப்போர்ட் வாங்க வரும்போது எங்கள் கவுன்டரில்தான் கேட்பார்கள். திரும்பத் திரும்ப அதே கேள்விகள் வருவதால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா, எந்த மருந்து, எப்போது என்பதெல்லாம் உங்கள் நெஃப்ராலஜிஸ்ட் எடுக்க வேண்டிய முடிவு. அவர் பேசுவது புரிய இது உதவினால் போதும்.

ஆன்டிபாடி நோயை எதிர்ப்பதுதானே? அது ஏன் கிட்னியைத் தாக்குகிறது?

நோயை எதிர்ப்பதுதான் அதன் வேலை. பள்ளிக்கூடப் பாடத்தில் எதிர்ப்பொருள் என்று படித்திருப்பீர்கள். அதற்கு நல்லது கெட்டது தெரியாது, நம்முடையதா அன்னியமா என்பது மட்டும்தான் தெரியும். நம் உடம்பு அணுக்களின் மேல் ஹெச்எல்ஏ என்ற புரதங்கள் இருக்கின்றன. ஆளுக்கு ஆள் மாறும் அடையாள முத்திரை மாதிரி. ஏ, பி, சி என்று ஒரு வகை, டிஆர், டிக்யூ, டிபி என்று இன்னொரு வகை. இவற்றின் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அப்பாவிடமிருந்து ஒரு கட்டு, அம்மாவிடமிருந்து ஒரு கட்டு என்று மொத்தமாக வரும். அதனால்தான் கூடப்பிறந்தவர் முழுசாகப் பொருந்த 25 சதவீதம், பாதி பொருந்த 50, சுத்தமாகப் பொருந்தாமல் போக 25 சதவீதம் வாய்ப்பு என்று சொல்கிறோம்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது போல, ஏ, பி, டிஆர் மூன்றிலும் இரண்டிரண்டு, ஆக ஆறில் எத்தனை பொருந்தியது என்று எண்ணிக்கொண்டே வருவார்கள். பொருந்தாமல் இருப்பதை ஓரளவு மாத்திரையால் சமாளிக்கலாம். கணவன் மனைவி, தூரத்து உறவு, மூளைச்சாவு அடைந்தவர் என்று பொருத்தமே இல்லாத எத்தனையோ கிட்னிகள் வருஷக்கணக்கில் வேலை செய்கின்றன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பொருந்தாத ஹெச்எல்ஏவை உங்கள் உடம்பு எங்கோ எப்போதோ சந்தித்து, அதற்கென்று ஆன்டிபாடி தயாரித்து வைத்திருந்தால், புதுக் கிட்னிக்குள் ரத்தம் பாய்ந்த உடனே சண்டை தொடங்கிவிடும். கிட்னி என்பதே ரத்தக் குழாய்களின் மூட்டை. அந்தக் குழாய்களின் உள்சுவரில்தான் ஆன்டிபாடி போய் ஒட்டும்.

நான் இதுவரை யார் உறுப்பையும் வாங்கியதில்லை. எனக்கு எப்படி வந்தது?

மூன்று வழி: கர்ப்பம், ரத்தம் ஏற்றியது, முன்னால் வைத்த கிட்னி. மூன்றாவது இல்லை என்றால் பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்று.

கர்ப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்டதும் நிறைய பெண்கள் அதிர்ந்து போகிறார்கள். குழந்தையின் ஹெச்எல்ஏவில் பாதி அப்பாவுடையது. கர்ப்பத்திலும் பிரசவத்திலும் குழந்தையின் அணுக்கள் அம்மாவின் ரத்தத்தில் கலக்கும், அம்மாவின் உடம்பு அந்தப் பாதியை அன்னியம் என்று குறித்துக்கொள்ளும். எல்லோருக்கும் நடக்காது, ஆனால் பலருக்கு நடக்கும், பிரசவங்கள் கூடக்கூட வாய்ப்பும் கூடும். கருச்சிதைவும் இதில் சேர்த்திதான். பல வருஷம் கழித்து அந்த அம்மாவுக்குக் கிட்னி போய், கணவர் 'நான் தருகிறேன்' என்று முன்வரும்போது, அவருடைய ஹெச்எல்ஏவுக்கு எதிராகவே ஆன்டிபாடி தயாராக இருக்கும். பிள்ளை கொடுக்க வந்தாலும் அதே கதை, அவனிடம் இருப்பதும் அப்பாவின் பாதிதானே. அதனால் மனைவி கணவனுக்குக் கொடுப்பதும் கணவன் மனைவிக்குக் கொடுப்பதும் எங்கள் மேஜையில் ஒன்று இல்லை.

'என் மேல அவளுக்கு அவ்வளவு வெறுப்பா மேடம்' என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார், கண் கலங்கியிருந்தது. வெறுப்பு இல்லை சார், மூணு பிள்ளை பெற்றதன் அடையாளம் என்றேன்.

சொல்லப்போனால் ஹெச்எல்ஏ என்ற துறையே தாய்மார்கள் போட்ட பிச்சை. 1958-இல் பாரிஸில் ஜான் டொசே, ரத்தம் பலமுறை ஏற்றப்பட்டவர்களின் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) முதல் ஹெச்எல்ஏவைக் கண்டார், 1980-இல் அதற்கு நோபல் பரிசும் வாங்கினார். அதே 1958-இல் ஹாலந்தில் யான் வான் ரூடும் அமெரிக்காவில் ரோஸ் பெய்னும் கர்ப்பிணிகள் ரத்தத்தில் இந்த ஆன்டிபாடிகளைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் பல பத்தாண்டுகள், உலகம் முழுக்க ஹெச்எல்ஏ வகை பார்க்கப் பயன்பட்ட சீரம் பெரும்பாலும் பல பிள்ளை பெற்ற அம்மாக்களிடம் வாங்கியதுதான்.

ரெண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அதுவுமா?

அதுவும்தான். ரத்தத்தோடு கொடுத்தவரின் வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் வருகின்றன, அவற்றின் மேல் ஹெச்எல்ஏ இருக்கிறது. ஒரு யூனிட்டோடு தப்பித்தவர்களும் உண்டு, ஒரு யூனிட்டில் மாட்டியவர்களும் உண்டு. ஏற்கெனவே பிள்ளை பெற்றவருக்கு ஏற்றினால் பழைய நினைவு கிளம்பி வேகமாக ஏறும்.

இதில் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு. கிட்னி பழுதானால் ரத்த விருத்திக்கான எரித்ரோபொய்ட்டின் சுரப்பு குறையும், ஹீமோகுளோபின் இறங்கும். 1989-க்கு முன்னால் ரத்தம் ஏற்றுவதைவிட வேறு வழி அதிகம் இல்லை. அந்த வருஷம் எரித்ரோபொய்ட்டின் ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது, இன்று இங்கே எல்லா டயாலிசிஸ் யூனிட்டிலும் போடுகிறார்கள். ஆனாலும் இருபத்தைந்து வயசுப் பையன், நாளை மாற்று அறுவைக்குப் போகப்போகிறவன், ஏதோ ஓர் ஊரில் ஆறு யூனிட் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிறான். ஊசியும் இரும்புச் சத்தும் ஒழுங்காகப் போயிருந்தால் அதில் பாதியாவது தேவைப்பட்டிருக்காது. உயிருக்கு ஆபத்து என்றால் ரத்தம் ஏற்றத்தான் வேண்டும், வேண்டாம் என்று அடம்பிடிக்காதீர்கள். மற்ற நேரத்தில் 'நான் டிரான்ஸ்பிளான்ட்டுக்குப் போகிறவன், ஊசியில் ஏற்ற முடியாதா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வெள்ளை அணு வடிகட்டிய ரத்தம் ஆபத்தைக் குறைக்கலாம், ஒழித்துவிடாது.

ஒரு வேடிக்கையும் உண்டு. 1973-இல் ஒப்பல்ஸும் டெரசாகியும் செய்த ஆய்வில், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்குக் கிட்னி அதிக நாள் நிலைத்தது தெரிந்தது, உடனே உலகம் முழுக்க வேண்டுமென்றே ரத்தம் ஏற்றினார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து வந்து 1980-களில் அந்த லாபம் மங்கியதும் விட்டுவிட்டார்கள். வயசான யாராவது 'அந்தக் காலத்தில் டாக்டரே ஏற்றச் சொன்னார்' என்றால் பொய் இல்லை.

கிராஸ்மேட்ச் என்று ரத்தம் எடுக்கிறீர்களே, உள்ளே என்னதான் செய்கிறீர்கள்?

கொடுப்பவர் ரத்தத்திலிருந்து லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களை உயிரோடு பிரிக்கிறோம். உங்கள் ரத்தத்தில் சீரத்தை மட்டும் எடுக்கிறோம். இரண்டையும் சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் சேர்த்து, காம்ப்ளிமென்ட் என்ற புரதம் வேண்டும் என்பதற்காக முயல் சீரம் விட்டுக் காத்திருக்கிறோம். உங்கள் சீரத்தில் அவருக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் அது அணுவின் மேல் ஒட்டும், காம்ப்ளிமென்ட் வந்து அணுவைத் துளைத்துக் கொல்லும். செத்த அணுவுக்குள் சாயம் ஏறும், உயிருள்ளது பளிச்சென்று இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் எண்ணுகிறோம். டி அணுக்களில் முதல் வகை ஹெச்எல்ஏ மட்டும்தான், பி அணுக்களில் இரண்டு வகையும் உண்டு. அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம். இதற்குச் சிடிசி கிராஸ்மேட்ச் என்று பெயர்.

இவ்வளவு சிறிய அளவில் இதைச் செய்யும் வழியை 1964-இல் கொண்டுவந்தவர் லாஸ் ஏஞ்சலஸில் இருந்த பால் டெரசாகி, மேலே சொன்ன அதே டெரசாகி. ஜப்பானிய அமெரிக்கர், இரண்டாம் உலகப் போரின்போது குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்ட சிறுவன்.

மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னி என்றால் இதையே நடுராத்திரியில் செய்வோம். ஐந்து பேரைக் கூப்பிட்டு ஒருவருக்குத்தான் கிடைக்கும். கிட்னி ஐஸில் காத்திருக்கும், எங்களுக்குக் கை ஓடாது.

பாசிட்டிவ் என்று வந்தும் வைத்துவிட்டால் என்ன ஆகும்?

சிடிசி டி அணு கிராஸ்மேட்ச், ஐஜிஜி வகை ஆன்டிபாடியால் உறுதியாகப் பாசிட்டிவ் என்றால், ஆன்டிபாடியை இறக்காமல் வைக்கவே மாட்டார்கள். ஏன் என்பதற்கு வரலாறு இருக்கிறது. ஆரம்ப நாட்களில் சில கிட்னிகள் குழாய்களைத் தைத்து முடித்த சில நிமிடத்திலேயே, சர்ஜன் கண் முன்னாலேயே நீலம் பாரித்து, தொளதொளத்து, சிறுநீர் ஒரு சொட்டும் இல்லாமல் செத்துப்போயின. தையலில் தப்பா, குழாய் முறுக்கிக்கொண்டதா என்று குழம்பினார்கள். 1966-இல் டென்மார்க்கில் கிஸ்மேயர் நீல்சன் குழுவினர், நோயாளியிடம் முன்கூட்டியே இருந்த ஆன்டிபாடிதான் காரணம் என்று எழுதினார்கள். அப்புறம் 1969-இல் பட்டேலும் டெரசாகியும் 225 அறுவைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். கிராஸ்மேட்ச் பாசிட்டிவ் 30 பேரில் 24 பேருக்குக் கிட்னி உடனடியாகப் போயிருந்தது. நெகட்டிவ் 195 பேரில் 8 பேருக்கு மட்டும். இந்த ஒரு ஆய்வுதான் உலகம் முழுக்கக் கிராஸ்மேட்ச்சைக் கட்டாயம் ஆக்கியது. இன்று, உடம்பு கிட்னியை நிராகரிக்கும் அந்த மாதிரி உடனடி ரிஜெக்‌ஷனை நேரில் பார்த்த இளம் டாக்டர்கள் அரிது.

எனக்குக் கிராஸ்மேட்ச் நெகட்டிவ்தான். ஆனால் டிஎஸ்ஏ இருக்கிறது என்கிறார்கள். எது உண்மை?

இரண்டும் உண்மை. இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம்.

சிடிசி நெகட்டிவ் என்றால் அணுவைக் கொல்லும் அளவுக்கு ஆன்டிபாடி இல்லை என்று அர்த்தம். ஆன்டிபாடியே இல்லை என்று அர்த்தம் இல்லை. அதைவிட நுட்பமானது ஃப்ளோ கிராஸ்மேட்ச்: அணு சாகிறதா என்று பார்க்காமல், அணுவின் மேல் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று லேசர் ஒளியில் பார்க்கிறது. அதைவிட நுட்பமானது லூமினெக்ஸ் சிங்கிள் ஆன்டிஜென் பரிசோதனை. இதில் கொடுப்பவரின் அணுவே தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகள், ஒவ்வொரு மணியிலும் ஒரே ஒரு ஹெச்எல்ஏ, அந்த மாதிரி நூறு சொச்சம். உங்கள் சீரம் எந்தெந்த மணியில் ஒட்டுகிறது என்று இயந்திரம் பட்டியல் போடும். அந்தப் பட்டியலில் இருப்பது உங்களுக்குக் கொடுக்கப்போகிறவரிடமும் இருந்தால், அதுதான் டிஎஸ்ஏ, டோனருக்கு எதிரான ஆன்டிபாடி.

பட்டியலில் பத்து ஆன்டிபாடி இருந்து, அதில் ஒன்றுகூட உங்கள் டோனருக்கு எதிரானது இல்லை என்றால் ஏறக்குறைய நிம்மதியாக இருக்கலாம். 2010-இல் பாரிஸிலிருந்து வந்த ஒரு ஆய்வில் 402 பேர். முன்பே டிஎஸ்ஏ இருந்தவர்களில் எட்டு வருஷம் கழித்தும் கிட்னி வேலை செய்துகொண்டிருந்தது 61 சதவீதத்தினருக்கு. ஆன்டிபாடி இருந்தும் அது டோனருக்கு எதிரானதாக இல்லாதவர்களில் 93, ஆன்டிபாடியே இல்லாதவர்களில் 84. ரிப்போர்ட்டில் 'ஆன்டிபாடி பாசிட்டிவ்' என்ற வரியைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல் போன் செய்கிறவர்களுக்கு நான் முதலில் கேட்பது இதைத்தான்: யாருக்கு எதிரானது என்று போட்டிருக்கிறதா?

சரி, கிராஸ்மேட்ச் எல்லாம் நெகட்டிவ், லூமினெக்ஸில் மட்டும் டிஎஸ்ஏ. அப்போது? 2012-இல் ஏழு ஆய்வுகளைச் சேர்த்து, மொத்தம் 1,119 பேரை வைத்துக் கணக்கிட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஆன்டிபாடி ரிஜெக்‌ஷன் வரும் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு, கிட்னி போகும் ஆபத்து சுமார் 1.8 மடங்கு. இதைக் கேட்டுப் பயப்படவும் கூடாது, 'நெகட்டிவ்னு சொல்லிட்டாங்க' என்று மறந்துவிடவும் கூடாது. உடனே கிட்னி சாகாது, ஆனால் இந்த நோயாளி மற்றவர்களைப் போல இல்லை, மாத்திரையிலும் கண்காணிப்பிலும் கூடுதல் கவனம் வேண்டியவர். வேறு டோனர் இருந்தால் அவரையும் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது.

எம்எஃப்ஐ 3,000 என்று வந்திருக்கிறது. அதிகமா, கம்மியா?

எம்எஃப்ஐ என்பது மணியில் தெரிந்த ஒளியின் அளவு. சர்க்கரை, கிரியேட்டினின் மாதிரி ரத்தத்தில் இவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு இல்லை. ஒரே சீரத்தை இரண்டு லேபில் கொடுத்தால் இரண்டு எண் வரலாம், ஒரே லேபில் இரண்டு நாள் செய்தாலும் கொஞ்சம் வித்தியாசப்படும். 1,000-ஐ ஒரு லேப் எல்லையாக வைத்திருக்கும், இன்னொன்று 500, இன்னொன்று 2,000.

பொதுவாக எண் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. அதே பாரிஸ் ஆய்வில் 6,000-க்கு மேல் இருந்தவர்களுக்கு, 465-க்குக் கீழே இருந்தவர்களைவிட ஆன்டிபாடி ரிஜெக்‌ஷன் ஆபத்து நூறு மடங்குக்கும் மேல். ஆனால் விதிவிலக்கு நிறைய. ஆன்டிபாடி மிக அதிகமாக இருந்தால் மணியின் மேல் காம்ப்ளிமென்ட் குவிந்து மறைத்து, எண் பொய்யாகக் கம்மியாகக் காட்டும். சீரத்தை நீர்க்க வைத்தோ ஈடிடிஏ சேர்த்தோ மறுபடி செய்தால் எண் எகிறும், பார்க்கவே பகீரென்று இருக்கும். மறுபக்கம், மணியில் ஒட்ட வைக்கும்போது உருக்குலைந்த ஹெச்எல்ஏவில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடி உண்டு, நிஜ அணுவில் அது ஒட்டவே ஒட்டாது. எண் பெரிசு, ஆபத்து சிறிசு. அதனால் இந்த எண்ணை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் மச்சானுக்கு அனுப்பி, அவர் இணையத்தில் தேடிச் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். எண், கிராஸ்மேட்ச், எப்படி வந்த ஆன்டிபாடி என்ற கதை, மூன்றும் சேர்ந்தால்தான் படம் முழுசாகும்.

பிஆர்ஏ 80 சதவீதம் என்றால் 80 சதவீதம் நோயா?

இல்லை. நூறு டோனர் வரிசையில் நின்றால் எண்பது பேருக்கு எதிராக உங்களிடம் ஆன்டிபாடி இருக்கிறது, மிச்ச இருபது பேர் உங்களுக்குச் சரிப்படலாம், அவ்வளவுதான். அந்த இருபதில் ஒருவர் வீட்டிலேயே இருந்தால் பிஆர்ஏ உங்களைப் பெரிதாகப் பாதிக்காது. மூளைச்சாவு டோனருக்குக் காத்திருப்பவருக்குத்தான் இது வருஷக்கணக்கான பிரச்னை, 99, 100 என்று போனால் இன்னும் கொடுமை. அமெரிக்காவில் 2014 டிசம்பர் 4-இல் ஒதுக்கீட்டு விதியை மாற்றியபோது, 100 சதவீதம் உள்ளவருக்கு 202.10 புள்ளி, 20 சதவீதம் உள்ளவருக்கு 0.08 புள்ளி என்று வைத்தார்கள். ஐரோப்பாவில் லெய்டனை மையமாகக் கொண்டு 1989-லிருந்தே வேறொரு வழி: எந்த ஹெச்எல்ஏ கூடாது என்று பார்ப்பதற்குப் பதில், எதற்கு இவர் ஒருபோதும் ஆன்டிபாடி உண்டாக்கவில்லை என்று கண்டுபிடித்து, அந்த டோனர் வந்தால் இவருக்கே முதலில் கொடுப்பது. எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடிக்கும்.

பாசிட்டிவ் என்பது தப்பாக வர வாய்ப்பு உண்டா?

உண்டு. உடம்பு தன்னையே தாக்கும் லூப்பஸ் என்ற நோய் உள்ளவர்களுக்குத் தன் அணுவுக்கே எதிரான ஆன்டிபாடி இருக்கும், அது கிராஸ்மேட்ச்சைப் பாசிட்டிவ் காட்டும், கிட்னியை ஒன்றும் செய்யாது. பெரும்பாலும் ஐஜிஎம் வகையாக இருக்கும், டிடிடி என்ற ரசாயனம் சேர்த்துத் திரும்பச் செய்தால் காணாமல் போகும். உங்கள் சொந்த அணுவோடு உங்கள் சீரத்தைச் சேர்த்தும் பார்ப்போம். பி அணுக்களைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசி போட்டவர்களுக்கு அந்த மருந்தே பி அணுவில் போய் ஒட்டிக்கொண்டு எங்களை முட்டாளாக்கும். மாசக்கணக்கில் அது உடம்பில் இருக்கும், அதனால் எப்போது போட்டது என்று கட்டாயம் சொல்லுங்கள்.

போன வருஷம் இருந்த ஆன்டிபாடி இப்போது இல்லை. சந்தோஷப்படலாமா?

பாதி சந்தோஷம். ஆன்டிபாடி மறையும், அதைத் தயாரிக்கக் கற்றுக்கொண்ட அணுக்கள் மறையாது. அம்மை போட்ட உடம்பு இருபது வருஷம் கழித்தும் அம்மையை அடையாளம் கண்டுகொள்கிறதே, அதே ஞாபகசக்திதான். அந்த ஹெச்எல்ஏவோடு கிட்னி வந்தால் சில நாட்களில் ஆன்டிபாடி மறுபடி கிளம்பலாம். அதனால் பழைய சீரத்தை உறைய வைத்து, சில சமயம் அதிலும் கிராஸ்மேட்ச் செய்வோம். பழைய ரிப்போர்ட் 'நல்லா இல்லை' என்று அதைக் கொண்டுவராமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நெகட்டிவ் வந்த பிறகு ரத்தம் ஏற்றினாலும் அதைச் சொல்ல வேண்டும். ஆன்டிபாடி உருவாக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், அதற்கப்புறம் எடுத்த புது சாம்பிளில் பார்த்தால்தான் அந்த நெகட்டிவ்வை நம்பலாம்.

ரத்த குரூப் ஒத்துப்போகவில்லை. அதுவும் இதே கதையா?

அதுவும் முன்பே இருக்கும் ஆன்டிபாடிதான், ஆனால் வேறு கதை. ஏ குரூப்காரர் உடம்பில் பி-க்கு எதிரான ஆன்டிபாடி சின்ன வயசிலிருந்தே இருக்கும், யாரும் ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மேல் இதே மாதிரி சர்க்கரை அமைப்பு இருப்பதால் வருவது. எவ்வளவு என்பதை டைட்டர் என்று அளந்து, பிளாஸ்மா மாற்றியோ வடிகட்டியோ இறக்கிவிட்டு வைக்கிறார்கள். மூளைச்சாவு தானம் மிகக் குறைவாக இருந்த ஜப்பானில் 1980-களின் கடைசியிலிருந்து இதை நிறையச் செய்தார்கள். இதில் ஒரு அதிசயம் உண்டு. முதல் இரண்டு வாரம் தாண்டிவிட்டால் ஆன்டிபாடி திரும்பி வந்தாலும் கிட்னி பெரும்பாலும் பழகிக்கொள்கிறது. ஹெச்எல்ஏ ஆன்டிபாடி அந்தத் தயவைக் காட்டுவதில்லை.

ஆன்டிபாடியை ரத்தத்திலிருந்து எடுத்துவிட முடியாதா?

முடியும். எடுத்த இடத்தில் திரும்ப ஊறும் என்பதுதான் தலைவலி. ஐஜிஜி ஆன்டிபாடியில் பாதிக்கு மேல் ரத்தக் குழாய்க்கு வெளியே, திசுக்களில் இருக்கிறது. பிளாஸ்மா மாற்றினால் குழாய்க்குள் இருப்பதுதான் போகும், மறுநாள் வெளியே இருப்பது உள்ளே கசிந்து வரும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் பல தடவை செய்து, ஐவிஐஜி என்ற, பலருடைய ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி ஊசியும் கொடுத்து, பி அணுக்களைக் குறைக்க ரிட்டுக்ஸிமாப் போடுகிறார்கள். ஆன்டிபாடித் தொழிற்சாலையான பிளாஸ்மா அணுவை ரிட்டுக்ஸிமாப் தொடாது, அதற்குப் போர்ட்டெசோமிப் என்ற மருந்தை முயற்சி செய்வார்கள். புதுசாக இம்லிஃபிடேஸ் என்று ஒன்று, தொண்டைப் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவிடமிருந்து எடுத்த நொதி. ஐஜிஜி முழுவதையும் சில மணி நேரத்தில் கத்தரித்துப் போடுகிறது. 2020 ஆகஸ்டில் ஐரோப்பாவில் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. ஆனால் அதிலும் சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஆன்டிபாடி திரும்புகிறது.

இப்படி இறக்கிவிட்டு வைத்தால் லாபமா? அமெரிக்காவில் 22 மையங்களில் 1,025 பேரை வைத்து 2016-இல் வெளியான ஆய்வில், எட்டு வருஷத்தில் உயிரோடு இருந்தவர்கள் 76.5 சதவீதம். அவர்களுக்கு இணையான, காத்திருந்து மூளைச்சாவு கிட்னி வாங்கியவர்களும் வாங்காதவர்களும் சேர்ந்த கூட்டத்தில் 62.9. கடைசி வரை டயாலிசிஸிலேயே இருந்தவர்களில் 43.9. பிரமாதம் என்று தோன்றும். அடுத்த வருஷமே பிரிட்டனில் அதே மாதிரி ஒப்பிட்டபோது லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. காத்திருக்கும் நேரமும் டயாலிசிஸ் தரமும் நாட்டுக்கு நாடு வேறு, எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. மருந்துச் செலவும், எதிர்ப்புச் சக்தியை இவ்வளவு அடக்குவதால் வரும் கிருமித் தொற்றும் தனி. என்னைக் கேட்டால், இதற்குக் கையெழுத்துப் போடும் முன் அடுத்த கேள்வியை டாக்டரிடம் கேளுங்கள் என்பேன்.

ஸ்வாப் என்கிறார்களே, அது என்ன?

உங்கள் கணவர் கிட்னி உங்களுக்கு ஆகாது. இன்னொரு குடும்பத்தில் அம்மாவின் கிட்னி மகனுக்கு ஆகாது. அந்த அம்மாவுடையது உங்களுக்கும், உங்கள் கணவருடையது அந்த மகனுக்கும் பொருந்தினால் மாற்றிக்கொள்வது. இந்தியாவில் 1994-இல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டத்தை 2011-இல் திருத்தியபோது இதற்கு இடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் கொடுக்க வந்தவரும் வாங்குபவரும் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும், அனுமதிக் குழு ஒப்புதல் வேண்டும்.

ஒரு தொழில் ரகசியம். ஓ குரூப் டோனர் யாருக்கும் கொடுக்கலாம் என்பதால் அவர் ஸ்வாப்புக்கு வரவேண்டிய அவசியமே பொதுவாக இல்லை. கிராஸ்மேட்ச் பாசிட்டிவ்வால் மட்டும்தான் வருவார். உங்கள் டோனர் ஓ குரூப் என்றால் ஸ்வாப் பட்டியலில் எல்லோரும் தேடுகிற ஆள் அவர்தான். 'எங்களுக்கு எங்கே கிடைக்கப்போகுது' என்று பதிவு செய்யாமல் விடாதீர்கள்.

அண்ணன் தம்பி, முழுப் பொருத்தம். எங்களுக்கு இதெல்லாம் வேண்டாம்தானே?

கிராஸ்மேட்ச் வேண்டும். ஹெச்எல்ஏ இல்லாத வேறு இலக்குகளுக்கும் ஆன்டிபாடி உண்டு, ஆஞ்சியோடென்சின் ரிசெப்டருக்கு எதிரானது அதில் பேர் பெற்றது. 2005-இல் ஒப்பல்ஸ் வெளியிட்ட ஆய்வில், முழுப் பொருத்தமுள்ள உடன்பிறப்புக் கிட்னிகூட பிஆர்ஏ உள்ளவர்களிடம் பத்து வருஷத்தில் குறைவாகவே நிலைத்தது.

டிஎஸ்ஏவோடு வைத்தாயிற்று. இனி எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் சில வாரம்தான் நெருப்பாற்றைத் தாண்டுவது. சிறுநீர் குறைந்தால், கிரியேட்டினின் ஏறினால் பயாப்சி எடுப்பார்கள், சி4டி என்ற காம்ப்ளிமென்ட் துணுக்கு நுண்குழாய்களில் படிந்திருக்கிறதா என்று சாயமேற்றிப் பார்ப்பார்கள், கூடவே எங்களிடம் டிஎஸ்ஏ சாம்பிள் வரும். இந்தக் கட்டத்தில் பிடித்தால் பிளாஸ்மா மாற்றிச் சமாளிக்கப் பார்க்கலாம்.

மெதுவாக வருவதுதான் மோசம். கிரியேட்டினின் சாதாரணமாக இருக்கும், ஆளும் நன்றாக இருப்பார், உள்ளே குளோமெருலஸ் என்ற ரத்த வடிகட்டியின் சுவர் தடித்துக்கொண்டே போகும், சிறுநீரில் புரதம் தெரியும்போது வருஷங்கள் ஓடியிருக்கும். அந்த நிலைக்கு உறுதியாக வேலை செய்யும் மருந்து இன்னும் இல்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை ஒரு வேளை தவறினாலும் டிஎஸ்ஏ உள்ளவருக்கு மற்றவரைவிட நஷ்டம் அதிகம். ஒரு வருஷம் நன்றாகப் போனதும் மாத்திரையைக் குறைக்கக் கேட்பவர்களில் இவர்கள் இருக்கக் கூடாது.

சாம்பிள் கொடுக்க வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

டோனரை. உயிருள்ள அணு வேண்டும் என்பதால் போன வாரம் எடுத்த ரத்தம் உதவாது. அப்புறம் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம், ரத்தம் ஏற்றிய தேதியும் எத்தனை யூனிட் என்பதும், முன்னால் வேறு லேபில் பார்த்த ஹெச்எல்ஏ ரிப்போர்ட், ரிட்டுக்ஸிமாப் அல்லது ஏடிஜி (டி அணுக்களைக் குறைக்கும் மருந்து) போட்டிருந்தால் அந்தத் தேதி. டயாலிசிஸ் நாளில் வருவதானால் ஹெபாரின் போடும் முன்பே சாம்பிள் எடுக்கச் சொல்லுங்கள்.

பெண்கள் என்றால் எத்தனை கர்ப்பம் என்று கேட்போம், எத்தனை பிள்ளை என்று இல்லை. மாமியார், நாத்தனார், கணவர் என்று நாலு பேர் சூழ நிற்கும்போது 'ரெண்டு' என்று சொல்வார்கள். நான் எல்லோரையும் கீழே கேன்டீனில் டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மறுபடி கேட்பேன். சில பேர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு 'நாலுன்னு போட்டுக்கோங்க மேடம்' என்பார்கள். அந்த நாலு படிவத்தில் மட்டும்தான் இருக்கும், டீ குடித்துவிட்டு வந்தவர்களிடம் போகாது.